சாக்குக்குள் போன மலைகள்

என் நாத்தனாரோடு உட்கார்ந்து எங்கள் வீட்டில் யாரும் படம் பார்ப்பதில்லை. இரண்டு மணி நேரப் படத்தை அவள் நான்கு நாள் பார்ப்பாள். ரிமோட் அவள் கைக்குப் போனால் முடிந்தது. கொஞ்சம் ஓட விடுவாள், நிறுத்துவாள், எழுந்து போய்த் திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்று பார்ப்பாள், "ம்" என்பாள், திரும்பி வந்து உட்காருவாள். சத்தமும் வைக்க மாட்டாள். "பேசறதக் கேட்டா மூஞ்சி தெரியாது" என்பாள். வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் கூட இருப்பேன். எனக்குப் போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லை.

முப்பத்தொரு வருஷம் அவள் ஒரு படக் கம்பெனியின் கிடங்கில் வேலை பார்த்தாள். பிலிம் பார்க்கிற வேலை. இதைச் சொன்னால் எல்லோரும், "அப்படியா, எல்லாப் படமும் ஓசியில பாத்துடுவாங்களா?" என்று கேட்பார்கள். முப்பத்தொரு வருஷமும் கேட்டார்கள். அவள் ஒரு படத்தையும் பார்த்ததில்லை. பிலிமைத்தான் பார்த்தாள்.

அந்தக் காலத்தில் படம் தகரப் பெட்டியில் சுருள் சுருளாக வரும். ஒரு தியேட்டரில் ஓடி முடிந்து கிடங்குக்குத் திரும்பினால் அங்கே கிழிந்திருக்கும், இங்கே ஓரத்து ஓட்டை பிய்ந்திருக்கும், எண்ணெய் படிந்திருக்கும். அதைச் சரி பார்த்துத்தான் அடுத்த தியேட்டருக்கு அனுப்ப வேண்டும். மேஜையின் இரண்டு பக்கமும் இரண்டு சக்கரம், நடுவில் ஒரு கண்ணாடிச் சதுரம், அதற்கு அடியில் விளக்கு. வலது கையால் சக்கரத்தைச் சுற்றுவாள். இடது கையில் துணி உறை போட்டு, இரண்டு விரலுக்கு நடுவே பிலிமின் ஓரத்தைப் பிடித்திருப்பாள். கிழிசல் வந்தால் விரல் சொல்லும். நிறுத்தி, பிளேடால் சுரண்டி, பசை தடவி, அழுத்தி ஒட்டுவாள். அழுக்கு இருந்தால் துணியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைப்பாள். கிடங்கில் அவளுக்குப் பெயரே 'ஒட்டு' என்று ஆகிவிட்டது. "ஒட்டு வந்துட்டாங்களா?" என்று கேட்டால் ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்படி ஒட்டுகிற இடத்தில் மட்டும் அவள் கண் படத்தின் மேல் விழும். விரல் நகம் அளவு கட்டம். ஒரு நொடிக்கு இருபத்து நான்கு கட்டம் என்று கணக்கு. கையில் ஒரு பூதக்கண்ணாடி. சிரிப்பு எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது, எந்தக் கட்டத்தில் கண்ணுக்கு எட்டுகிறது, எந்தக் கட்டத்தில் செத்துப்போகிறது என்று அவளால் சொல்ல முடியும். இதனால் வீட்டில் கஷ்டம் வந்தது. அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், வேலையிலிருந்து நேராக வந்தேன் என்று சொல்லி வாயை மூடுவதற்குள், "இல்ல அண்ணி, சீட்டாடிட்டு வர்றாரு" என்று பக்கத்திலிருந்து குரல் வரும். ஒரு தடவை அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டு ஒரு மனிதர் வந்தார். நல்ல சட்டை, நல்ல வேலை, நல்ல பேச்சு. போனதும், "எப்படிம்மா?" என்றேன்.

"சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சதுக்கு அப்புறம் ரெண்டு கட்டம் பாத்தேன் அண்ணி. வேண்டாம்."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு வந்தவர்களுக்கு அவள் ஒரு கட்டமே போதும் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. எங்களோடுதான் இருந்தாள், இருக்கிறாள்.

தியேட்டருக்கு வா என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். வர மாட்டாள். "அங்க ஓட்டிடறாங்க அண்ணி. ஓடற படத்துல என்னத்தப் பாக்கறது, நிக்க மாட்டேங்குதே" என்பாள்.

எங்கள் வீடு கிடங்குக்கு இரண்டு தெரு தள்ளி. மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு நான்தான் கொண்டுபோவேன். வைத்துவிட்டு வந்தால் அவள் சாப்பிட மாட்டாள், மறந்துவிடுவாள். அதனால் வைத்துவிட்டு வர மாட்டேன். காலிப் பாத்திரத்தோடுதான் கிளம்புவேன். அதற்கு ஒரு மணி நேரம் ஆனாலும் சரி, இரண்டு மணி நேரம் ஆனாலும் சரி, ஒரு முக்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். கிடங்கு முதலாளிக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு பழகிவிட்டார். வேறு வழி அவருக்கு இருக்கவில்லை.

அப்படி நான் உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் அந்தக் கௌபாய் படம் மேஜைக்கு வந்தது.

பழைய படம், கறுப்பு வெள்ளை. பெட்டி மேல் ஒட்டியிருந்த விளம்பரத்தில் பெரிய பெரிய மலை, நான்கு குதிரை, ஒரு துப்பாக்கி. அதை நம்பி உள்ளே போன ஜனம் ஏமாந்து போயிருந்தது. படத்தில் துப்பாக்கி ஒரே ஒரு தடவைதான் வெடிக்கும். அதுவும் படம் தொடங்குவதற்கு முன்பே வெடித்துவிட்டது. ஒரு தியேட்டரில் மூன்று நாள், இன்னொன்றில் இரண்டு நாள், அத்தோடு பெட்டி திரும்பி வந்துவிட்டது. கிழிந்தும் வந்திருந்தது. அதை ஒட்டுவதற்காக என் நாத்தனார் நிறுத்தினாள். நிறுத்தியவள் சக்கரத்தை மறுபடி சுற்றவே இல்லை.

"அண்ணி, இங்க வாங்களேன்."

போய்ப் பார்த்தேன். பூதக்கண்ணாடிக்குள் ஒரு ஆண் முகம். நடு வயது. சவரம் செய்து நாலைந்து நாள் ஆன முகம். ஒரு வீட்டு வாசலில் நிற்கிறான். தோளில் குதிரைச் சேணம்.

"என்ன பண்றான்?"

"ஒண்ணும் பண்ணல. அதான் பாருங்க." பிலிமை ஒரு கட்டம் நகர்த்தினாள். இன்னும் ஒரு கட்டம். "இப்ப சொல்லப் போறான். இதோ வாய் தெறக்குது. பாத்தீங்களா, தொண்டை அசையுது. இப்ப சொல்லல. முழுங்கிட்டான். அறுபது கட்டம் அண்ணி, ஒரு வார்த்தைய முழுங்கறதுக்கு."

படத்தின் கதை இதுதான். அவன் ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிட்டான். செத்தவனுடைய சேணத்தை அவன் மனைவியிடம் கொடுப்பதற்காக அவள் வீட்டுக்கு வருகிறான். கொன்றது நான்தான் என்று சொல்ல வேண்டும் என்று வந்தவனுக்குச் சொல்ல வாய் வரவில்லை. வாசலில் வேலி சரிந்து கிடக்கிறது. அதை நிமிர்த்திக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்கிறான். கம்பம் நடுகிறான். நாளுக்கு நாலு கம்பம். ஒவ்வொரு கம்பத்துக்கும் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறான், சொல்லவில்லை. அவ்வளவுதான் படம். பதினோரு ரீல்.

அவர்கள் பேசுவது வேறு பாஷை. மேஜையில் சத்தமே கிடையாது, ஆகவே எந்தப் பாஷையாக இருந்தாலும் ஒன்றுதான். படத்தின் அடியில் நம் எழுத்தில் வரி போட்டிருந்தது. நாத்தனார் முதலில் அதைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு முகத்தைப் பார்ப்பாள், பிறகுதான் வரியைப் படிப்பாள். நான் மூட வேண்டியதில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது.

ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் அந்தப் படத்தைப் பார்த்தோம். விதவை கதவைத் திறக்கும் இடத்தை மட்டும் மூன்று நாள் பார்த்தோம். அவள் முதலில் சேணத்தைப் பார்க்கிறாள், பிறகு அவன் கையைப் பார்க்கிறாள், பிறகுதான் முகத்தைப் பார்க்கிறாள். "இவளுக்குத் தெரிஞ்சு போச்சு" என்றேன். "கையப் பாத்த உடனே தெரிஞ்சு போச்சு" என்றாள் நாத்தனார். அதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

வாரக் கடைசியில் முதலாளி வந்தார். மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவர் கழுத்தைத் துடைத்தால் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

"ஏம்மா, இந்தக் குதிரப் படம். ஆலைக்காரங்க தியேட்டர்ல ஒரு சிரிப்புப் படத்தோட சேத்துப் போடக் கேக்கறாங்க. முப்பது நிமிஷம் கொறைக்கணும்."

"எதக் கொறைக்கறது?"

"இதென்ன கேள்வி. சும்மா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கற எடமெல்லாம் எடுத்துடு. மலை, ஆறு, குதிர இதெல்லாம் இருக்கட்டும். ஜனங்க அதுக்குத்தான் வர்றாங்க."

"மலை ஒரே மாதிரிதான முதலாளி இருக்கு? மொதல் கட்டத்துல எப்படியோ ஆயிரமாவது கட்டத்துலயும் அப்படியேதான் இருக்கு."

"மலை பின்ன ஆடுமா?"

"அதான் சொல்றேன். ஒரு தரம் பாத்தா போதுமே."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பாத்திரத்தைப் பார்த்தேன்.

"இங்க பாரும்மா," என்றார். "அந்தத் தியேட்டர்ல ஒரு வாரம் ஓடலேன்னா இந்தப் பிரிண்ட கழுவறவங்ககிட்ட போட்டுடுவேன். பிலிம்ல இருக்கற வெள்ளியக் கழுவி எடுத்துட்டு மிச்சத்தப் பொத்தான் செய்யறவனுக்குக் குடுத்துடுவாங்க. சொன்னத மட்டும் செய். இல்லேன்னா அந்த நாற்காலியில வேற ஆள் உக்காந்து செய்வாங்க."

அவர் போனதும் நாத்தனார் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டாள். அந்த நாற்காலி அவளுக்கு எப்படி என்று நான் சொல்ல வேண்டும். அதன் ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் மடித்த அட்டை வைத்து, பன்னிரண்டு வருஷமாக அவள் உட்கார்ந்திருந்தாள். வேறு ஒருவர் உட்கார்ந்தால் ஆடும். அவள் உட்கார்ந்தால் ஆடாது.

"என்னம்மா செய்யப் போற?"

"சொன்னதத்தான்," என்றாள். "முப்பது நிமிஷம் கொறைக்கச் சொன்னாரு. கொறைக்கறேன்."

கத்தரியை எடுத்தாள். மலையை வெட்டினாள். ஆற்றை வெட்டினாள். மேகத்தை வெட்டினாள். குதிரைகள் வெறுமனே ஓடுகிற இடத்தையெல்லாம் வெட்டினாள். முகம் இல்லாத கட்டம் எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் அவள் வைத்துக்கொண்ட கணக்கு. முதல் ரீலின் ஆரம்பத்தில் நீளமாக ஒரு மலையடிவாரம் இருந்தது. "இதுல அழுக்கு வேற" என்று துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு, அதையும் எடுத்தாள். கடைசி ரீலின் கடைசியில் வெறும் பொட்டல் ஒன்று, நடுவே ஒரு கோடு. அதுவும் போயிற்று. வெட்டிய துண்டுகளைச் சுற்றி வைக்கக்கூட இல்லை, அப்படியே ஒரு சாக்கில் திணித்தாள். மூன்றாம் நாள் கணக்குப் பார்த்தால் முப்பத்தொரு நிமிஷம். ஒரு நிமிஷம் கூடவே குறைத்துவிட்டாள். முதலாளி சந்தோஷமாகப் பெட்டியை அனுப்பினார். திறந்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானக் காட்சி. சாப்பாட்டை வைத்துக்கொண்டு நான் முக்காலியில் இருக்கிறேன். மூன்றரை மணிக்கு முதலாளி அறையில் தொலைபேசி அடித்தது. தியேட்டர் மேனேஜர். அவர் கத்துவது எங்களுக்கே கேட்டது.

"எழுந்திருக்க மாட்டேங்கறாங்க சார்!"

"யாரு?"

"ஜனங்க! படம் முடிஞ்சு போச்சு, வெளக்குப் போட்டாச்சு, ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டேங்கறாங்க. இன்னொரு ரீல் இருக்கு, போடுங்கறாங்க."

"ரீல் இல்லேன்னு சொல்லுய்யா."

"சொன்னேன். வேலிய முடிச்சானா இல்லையான்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?"

முதலாளி தொலைபேசியை வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்தார். கழுத்தைத் துடைக்கவில்லை.

"கடைசியில வேலி வரும். நான் பாத்திருக்கேன். இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் முழு வேலி. அது எங்க?"

"கடைசி ரீல்ல வேலி இல்லையே," என்றாள் நாத்தனார். "அவ நின்னுகிட்டு, வேலி பாதியில நிக்குதுன்னு சொல்லுவா. அவன் கேட்டுக்குவான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் பொட்டல்தான்."

"அந்தப் பொட்டல்லதாம்மா வேலி இருக்கு!"

அவள் முகத்தை அன்றைக்கு நான் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். தொண்டை அசைந்தது. முழுங்கிவிட்டாள். எழுந்து போய்ச் சாக்கை இழுத்து வந்து மேஜைக்கு அடியில் கவிழ்த்தாள்.

முதலாளி குனிந்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இன்னொன்றை எடுத்தார்.

"இது மலை."

"ஆமா முதலாளி."

"இதுவும் மலை. இது குதிரை. ஏம்மா, நான் இருக்கட்டும்னு சொன்னதெல்லாம் இங்கல்ல இருக்கு?"

"ஆமா முதலாளி."

"அப்ப அங்க என்ன ஓடுது?"

"மூஞ்சி."

முதலாளி முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது என் முக்காலி. "ஆறு மணிக்கு அடுத்த ஆட்டம்," என்றார். "மொதல்ல வேலியக் கண்டுபிடி. உன்கிட்ட அப்புறம் பேசறேன்."

மூன்று பேரும் தேடினோம். முப்பத்தொரு நிமிஷம் மலை என்பது எவ்வளவு மலை என்று உங்களுக்குத் தெரியாது. தரையெல்லாம் சுருண்டு சுருண்டு கிடந்தது. முதலாளி ஜன்னல் பக்கம் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "மலை," என்று கீழே போடுவார். நாத்தனார் மேஜை விளக்கில் வைத்துப் பார்த்து, "ஆறு," என்பாள். "மேகம்." "மலை." "அதே மலை, பின்னாடிலேர்ந்து." பொட்டல் மட்டும் ஒன்பது துண்டு இருந்தது. எல்லாவற்றிலும் நடுவே ஒரு கோடு இருந்தது. பூமிக்கும் வானத்துக்கும் நடுவே கோடு இல்லாமல் எப்படி இருக்கும்?

மணி ஐந்தாகிவிட்டது. முதலாளி இப்போது 'மலை' என்று சொல்லாமல் வேறு வார்த்தை சொல்லிக் கீழே போட்டார்.

எனக்கு அந்த வயதில் தூரப் பார்வை நன்றாக இருந்தது. கிட்டத்தில்தான் தெரியாது. அதனால் கையை முழுக்க நீட்டி, ஒன்பது பொட்டலையும் ஒன்றன்பின் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஏழாவதில் கோடு வேறு மாதிரி இருந்தது.

"என்னடி இது, சீப்பு மாதிரி பல்லு பல்லா இருக்கு?"

நாத்தனார் பிடுங்கிக்கொண்டு போய் விளக்கில் வைத்தாள். பூதக்கண்ணாடியை வைத்தாள். பல் ஒவ்வொன்றும் ஒரு கம்பம். கோடி வரைக்கும் கம்பம்.

"ஓரத்துல ஏதோ மூட்டை மாதிரி தொங்குதே, அது என்ன?" என்றேன்.

அவள் பூதக்கண்ணாடியை ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"சேணம் அண்ணி," என்றாள். "கடைசிக் கம்பத்துல மாட்டிட்டுப் போயிருக்கான். நடந்தே போயிருக்கான்." பிறகு முதலாளியைப் பார்த்து, "இது இயற்கைக் காட்சி இல்ல முதலாளி," என்றாள், ஏதோ அவர்தான் அதை வெட்டிய மாதிரி.

துண்டை ஒரு தகர டப்பாவில் வைத்துக்கொண்டு மூவரும் முதலாளியின் காரில் கிளம்பினோம். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் அதற்காகக் காத்திருக்கவில்லை. அவள் இன்னும் சாப்பிடவில்லை, பாத்திரம் என் மடியில் இருந்தது.

வழியில் முதலாளி படபடப்பில் கதை பேசினார். "நல்ல படம்தான். எட்டாவது ரீல்ல, இவன்தான் கொன்னான்னு அவளுக்குத் தெரிய வர்ற எடம் இருக்கே..."

"எட்டாவது ரீல்லயா?" என்றேன் பின்னாலிருந்து. "கதவத் தெறந்தப்பவே தெரியும்."

"இல்லம்மா. எட்டாவது ரீல்ல கடைக்காரன் வந்து சொல்வான். அவ, 'ஐயோ, எனக்குத் தெரியாதே'ம்பா. எழுத்துலயே போட்டிருக்கு."

"கடைக்காரன்கிட்ட வேற என்ன சொல்லுவா? தெரியும், தெரிஞ்சுதான் வேலி கட்டச் சொல்லியிருக்கேன்னா சொல்லுவா?"

"எழுத்துல இருக்கும்மா!"

"எழுத்துல இருக்கும். மூஞ்சியில இல்ல."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்கிறேன். கதவைத் திறந்தபோதே அவளுக்குத் தெரியும்.

தியேட்டரில் மத்தியான ஆட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் அவர்களைக் கிளப்பப் பார்த்துக் களைத்து, புதிதாக வந்தவர்களை மீதி இடத்தில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். நாத்தனார் மாடியில் மெஷின் அறைக்குப் போனாள். அங்கே இருந்த ஆபரேட்டர், "யாரு இந்தப் பிரிண்ட வெட்டினது? அம்பது எடத்துல ஒட்டு. மெஷின் இருமுது," என்றார். "நான்தான்," என்றாள். அவர் ஒட்டுகளைத் தடவிப் பார்த்தார். "ஒண்ணுகூட அறுந்து போகல," என்று குறை சொல்வது போலவே சொன்னார். அவள் கடைசி ரீலை வாங்கி, வேலியை ஒட்டி, ஊதிக் கொடுத்தாள்.

பிறகு கடைசி வரிசையில் மூவரும் உட்கார்ந்தோம். நான் அவள் கையில் பாத்திரத்தைக் கொடுத்தேன். சிரிப்புப் படம் ஓடிய நேரத்தில் அவள் சாப்பிட்டாள். அவள் சிரிக்கவில்லை. "வேகமா போறாங்க," என்றாள்.

அடுத்து எங்கள் படம். எடுத்த எடுப்பில் வயலின் ஒன்று தொடங்கி, தும்மியது போல் நின்றது. ஒரு கை கதவைத் தட்டியது. முதலாளி பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது. பிறகு அவன் முகம் வந்தது. ஒரு வாரம் நகம் அளவில் பார்த்த முகம், எங்கள் வீட்டுச் சுவரைவிடப் பெரிதாக இருந்தது. நாத்தனார் பின்னுக்குச் சாய்ந்துகொண்டாள்.

"இவ்வளவு பெரிய ஆளா," என்றாள்.

அவன் பேசினான். குரல் கீச்சென்று இருந்தது. நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். நாங்கள் அவனுக்கு வேறு குரல் வைத்திருந்தோம். ஆனால் கொஞ்ச நேரத்தில் அதுவும் பழகிவிட்டது. ஆட்டம் முழுக்க மலை ஒன்றுகூட வரவில்லை. குதிரை இரண்டு தடவை வந்தது, அதுவும் அவன் முகத்துக்குப் பின்னால் நின்றதால். குதிரை எங்கே என்று முன் வரிசையில் ஒருவன் ஒரு தடவை கத்தினான். பக்கத்தில் இருந்தவன், "சும்மா இருடா, சொல்லப் போறான்," என்றான். அவன் சொல்லவில்லை. முன் வரிசை முழுக்கப் பெருமூச்சு விட்டது. ராத்திரி ஆலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவர்கள், ஒரு மனிதன் ஒரு வார்த்தையை முழுங்குவதைப் பார்த்துக்கொண்டு இரண்டாவது தடவையும் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் அவன் சொல்லிவிட்டான். மூன்றே வார்த்தை. விதவை அவனைப் பார்த்தாள். வேலி பாதியில் நிற்கிறது என்றாள். அவன் தலையை ஆட்டினான். மத்தியானம் இங்கேதான் படம் நின்றுபோனது. இப்போது நிற்கவில்லை. வெளுத்துக்கொண்டு வரும் வானம் வந்தது, பொட்டல் வந்தது, கோடி வரைக்கும் வேலி வந்தது. கடைசிக் கம்பத்தில் சேணம். ஆள் இல்லை. முகம் இல்லை. அது அப்படியே நின்றது. அரை நிமிஷம் இருக்கும். ஒன்றும் அசையவில்லை. என் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் வாடை அடித்தது.

"முடிச்சுட்டான்," என்றார் முன்னால் இருந்த ஒருவர், தன் வீட்டு வேலையைச் சொல்வது போல. எல்லோரும் எழுந்து வெளியே போனார்கள்.

வாசலில் முதலாளி நின்றார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். நாத்தனார் அவருக்கு முன்னால் போய் நின்றாள். நாற்காலி போயிற்று என்றுதான் நான் நினைத்தேன். அந்த அட்டையை மறக்காமல் எடுத்து வரச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

"மலை இல்லாததுனால ஒண்ணும் கொறஞ்சு போகல," என்றார். சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "ஆனா ஆரம்பம் சரியில்ல. திடீர்னு வந்து கதவத் தட்டறான். எங்கேர்ந்து வந்தான், எப்படி வந்தான், ஒண்ணும் தெரியல."

"கதவுதான முதலாளி ஆரம்பம்?"

"அதுக்கு முன்னாடி மலையடிவாரம் ஒண்ணு வருமே. அதுல அவன் நடந்து வருவான். முதுகுல சேணத்தத் தூக்கிக்கிட்டு. அஞ்சு நிமிஷம் நடப்பான். தூரத்துல, சின்னதா."

நாத்தனார் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"சின்னதான்னா எவ்வளவு முதலாளி?"

"கடுகு அளவு இருப்பான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணி," என்றாள், "அத நான் அழுக்குன்னு துடைச்சேன்."

முதலாளிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் வானத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், என் கையிலிருந்த காலிப் பாத்திரத்தைப் பார்த்தார். அவர் சிரித்தாரா, அழுதாரா என்று நாத்தனாரைத்தான் கேட்க வேண்டும்.

"திங்கக்கிழமை வேலைக்கு வா," என்றார். "அந்தச் சாக்குல எந்தெந்த மலையில ஆள் இருக்குன்னு பாத்து எடுத்து ஒட்டு. பாத்து முடிக்கற வரைக்கும் அந்த நாற்காலிய விட்டு நீ எழுந்திருக்கக் கூடாது."

திங்கட்கிழமை மத்தியானம் நான் சாப்பாடு கொண்டுபோனபோது சாக்கில் பாதி மேஜைக்கு ஏறியிருந்தது. மலையடிவாரத் துண்டு கண்ணாடி மேல் கிடந்தது. அவள் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, புள்ளி மேல் வைத்துத் துடைத்தாள். பூதக்கண்ணாடியால் பார்த்தாள். மறுபடி துடைத்தாள். மறுபடி பார்த்தாள். நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"போகல அண்ணி," என்றாள். "அப்ப ஆளுதான்."